பன்னிரண்டாவது தட்டு

கோட்டுப் பையில் சின்னச் சுத்தியலோடு போனேன்.
லேர்க்கைத் தாண்டி மேற்கே ஒற்றைத்தடச் சாலை.
எதிரே வந்த மர லாரிக்காக
மூன்று முறை பின்னால் நகர்ந்து ஒதுங்கினேன்.
ஒதுங்கும்போதெல்லாம் திரும்பிவிடலாம் என்றும் தோன்றியது.

ஸ்ட்ருவான் கொட்டகைக் கதவைத் தோளால் தள்ளினான்.
அறுபத்தேழாம் வருடத்து லேண்ட் ரோவர்.
பட்டாணி வெந்த தண்ணீரின் பச்சை.
அடியில் விரித்த அட்டையில்
எண்ணெய் ஒரு தீவுக்கூட்டம் வரைந்திருந்தது.
"ஒழுகினால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.
ஒழுகாத நாளில்தான் பயப்பட வேண்டும்."

பதினோராயிரத்து ஐநூறு பவுண்ட்.

வழியெல்லாம் காரணம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன்.
பனி கொட்டினால் உதவும்.
(எங்கள் தெருவுக்கு உப்பு வண்டி விடியுமுன்பே வந்துவிடும்.)
படகை இழுக்கலாம்.
(படகை விற்ற பணம்தான் இது.)
இத்தனை பழைய வண்டிக்குச் சாலை வரி கிடையாது.
அதைவிட மூன்று வயது மூத்த எனக்கு
எல்லா வரியும் உண்டு.

காலையில் ஊனா ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி சொன்னாள்:
"தேவை என்று மட்டும் சொல்லாதே, டோர்க்வில்.
ஆசை என்று சொல்.
பாதிப் பணம் நான் தருகிறேன்."
அந்தச் சொல் தொண்டைவரை வந்து
தேநீரோடு உள்ளே போய்விட்டது.

"ஆட்டுப் பண்ணையா உங்களுக்கு?"
"இல்லை. காது பரிசோதிப்பவன்."
சிரித்தான். பிறகு
தன் கதையைத் தானாகவே சொன்னான்:
மார்ச்சில் குழந்தை.
பின்னிருக்கைகள் இரண்டும் பக்கவாட்டில்.
குழந்தை நாற்காலியைக் கட்ட
இந்த வண்டியில் ஓர் இடமும் இல்லை.
நான்கு நாள் கயிறும் கொக்கியுமாகப்
பார்த்தானாம்.

மல்லாந்து அடியில் நுழைந்தேன்.
மேலே இருப்பது அலுமினியம், துருப்பிடிக்காது.
சட்டம் இரும்பு. பொய் எல்லாம் அங்கேதான்.
தட்டினேன்.
டங்.
டங்.
ஓரடிக்கு ஒரு தட்டு, பதினோரு டங்.
பன்னிரண்டாவது
தொப்.

இன்வெர்னஸில் எனக்கு ஒரு கண்ணாடி அறை.
காதில் ஒலிப்பான் மாட்டி, கையில் பொத்தான் கொடுத்து,
சத்தம் கேட்டால் அமுக்குங்கள் என்பேன்.
கேட்காததற்கும் அமுக்குவார்கள் பலர்,
தேறிவிட வேண்டும் என்ற பதற்றத்தில்.
கேட்டும் அமுக்காத ஒருவரை
இருபத்தாறு வருடத்தில் நான் சந்தித்ததில்லை.
இன்று சந்தித்தேன்.
வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்,
நெற்றியில் துருத்தூள்.

"எல்லாம் சரியா?"
மேலே அவன் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
சொன்னால் ஆயிரம் குறைப்பான்.
சொன்னால் வீட்டுக்குப் போக
ஒரு நல்ல காரணமும் கிடைத்துவிடும்.
அந்தக் காரணம்தான் பயமாக இருந்தது.

"ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா?"

கிளட்சை இரண்டு தரம் மிதிக்காவிட்டால்
இரண்டாம் கியர் பல்லைக் கடிக்கும்.
சிவப்புக் குமிழைப் பின்னால் இழு,
இப்போது ஓடைக்குள் இறங்கு, என்றான்.
இறங்கினேன்.
கதவிடுக்கில் தண்ணீர் வந்து
காலுறையை விசாரித்தது.
எதிர்க்கரையில் மூக்கைத் தூக்கி, வண்டி
ஒரு பசுவின் பொறுமையோடு ஏறியபோது
பக்கத்தில் யாரோ உரக்கச் சிரித்தார்கள்.
ஸ்ட்ருவானைத் திரும்பிப் பார்த்தேன்.
அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரவு.
ஈரக் காலுறையைக் கணப்பின் மேல் போட்டேன்.
"என்ன சொல்கிறது?" என்றாள் ஊனா.
"பன்னிரண்டாவது இடத்தில் துரு.
வெல்டிங் வைத்தால்
இரண்டாயிரம் போகும்."
"ம்."
"தேவையே இல்லை."
"ம்."

குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கும்வரை காத்திருந்து
மெல்லச் சொன்னேன் அந்தச் சொல்லை.

"கேட்கவில்லை" என்றாள்,
"இன்னொரு தரம்."

அவள் காதுகளை
நான்தான் வருடாவருடம் பரிசோதிக்கிறேன்.
ஓர் ஊசி விழுந்தாலும் தப்பாது.